ஒரு குழல், நான்கு குரல்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பற்றிப் பேசும் இந்தத் தொடரில் இன்று ஒரு வாத்தியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் எமது கோயில் வீதியிலும் கல்யாண வீட்டிலும் நாள்தோறும் கேட்கும் வாத்தியமல்ல. மேலைத்தேய இசையில் தனியிடம் பெற்ற கிளாரினெட். இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எமது பத்திரிகைகளில் வெளிவரும் இசை விமர்சனங்களை வாசித்துப் பாருங்கள். "இனிமையாக வாசித்தார்", "செவிக்கு விருந்தளித்தார்", "சபையோர் மெய்மறந்தனர்." இந்த மூன்று வாக்கியங்களையும் வீணைக்கும் எழுதலாம், வயலினுக்கும் எழுதலாம், எவருக்கும் எழுதலாம். ஒரு நாவலாசிரியரின் மொழியை "நல்ல நடை" என்று இரண்டு சொற்களில் சொல்லிவிட்டு நகர்ந்தால், அதைத் திறனாய்வு என்று நாம் ஏற்றுக் கொள்வோமா? எந்த இடத்தில், எந்தச் சொல்லால், எவ்விதமான விளைவு உண்டாயிற்று என்று கேட்போம் அல்லவா? அதே கேள்வியை ஓசையிடமும் கேட்க முடியும். அப்படிக் கேட்டுப் பழகுவதற்குக் கிளாரினெட்டை விடப் பொருத்தமான வாத்தியம் குறைவு. ஏனெனில் அதற்கு ஒரு குரல் அல்ல, நான்கு குரல்கள்.

முதலில் வாத்தியத்தை அறிமுகம் செய்துகொள்வோம். கருநிற மரத்தாலான நீண்ட குழல். பரவலாகப் பயன்படும் அளவில் உள்ளது ஏறக்குறைய 66 சென்ரிமீற்றர் நீளம். நாதஸ்வரத்தைப் போலவே இதற்கும் நாணலில் செய்த சீவாளி உண்டு. ஆனால் நாதஸ்வரத்தின் சீவாளி இரண்டு உதடுகள் சேர்ந்தது போன்றது. கிளாரினெட்டில் இருப்பது ஒற்றைத் தகடு. ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் வாழ்ந்த ஜொஹான் கிறிஸ்தோப் டென்னர் (1655-1707) என்ற வாத்தியக் கைவினைஞரே 1700ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இதை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 'சாலுமோ' என்ற பழைய நாணற் குழலே இதன் முன்னோடி.

இனி விசித்திரமான விடயத்துக்கு வருவோம். புல்லாங்குழலில் ஒரு சுரத்தை ஊதிக்கொண்டிருக்கும்போது, விரல்களை அசைக்காமல் மூச்சின் விசையைக் கூட்டினால் அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் ஒலிக்கும். கீழே ஸட்ஜம் என்றால் மேலேயும் ஸட்ஜம். நாதஸ்வரத்திலும் இதே நிலைதான். கிளாரினெட்டிலோ, பெருவிரலுக்கு மேலுள்ள சிறிய சாவி ஒன்றை அழுத்தியதும் ஓசை ஒரு ஸ்தாயியோடு நிற்பதில்லை. அதையும் தாண்டி அடுத்த பஞ்சமத்தில் போய் நிற்கிறது. கீழே 'ஸ' என்று ஒலித்த அதே விரலடைப்பு மேலே 'ப' என்று ஒலிக்கிறது.

ஏன் இப்படி? கிளாரினெட்டின் உட்துளை பெரும்பாலும் ஒரே அகலமுள்ள நேர்க்குழாய். சீவாளி இருக்கும் முனை, ஒலியைப் பொறுத்தவரை மூடிய முனை போலத் தொழிற்படுகிறது. ஒருபுறம் மூடிய நேர்க்குழாயில் அடிப்படை அதிர்வின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்ற ஒற்றைப்படை அதிர்வுகளே வலுவாக எழும். இரண்டு மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள் மிகவும் மெலிந்து போகும். அதனாலேயே கீழ்ப்பகுதி ஓசையில் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓர் உணர்வு. இதே காரணத்தால் இன்னொரு விளைவும் உண்டு. மேலைத்தேயப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஆயினும் கிளாரினெட் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சிறிய உடலுக்குள் ஒரு பெரிய மனிதரின் குரல்.

இந்தக் கட்டமைப்பினால் வாத்தியம் தானாகவே பகுதிகளாகப் பிரிந்துவிட்டது. அடியில் உள்ளதற்கு அந்தப் பழைய குழலின் பெயரே நிலைத்துவிட்டது. அதைச் 'சாலுமோ' என்கிறார்கள். நாணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. நடுவில் 'தொண்டைச் சுரங்கள்' என்ற சில சுரங்கள். அதற்கு மேல் 'கிளாரியன்' என்ற ஒளிமிக்க பகுதி. உச்சியில் 'அல்ட்டிசிமோ'. இத்தாலிய மொழியில் 'மிக உயர்ந்தது' என்று பொருள். எமது மந்தரம், மத்திமம், தாரம் என்ற ஸ்தாயிப் பிரிவோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்தாயி என்பது சுரங்களின் கணக்கு. இங்கே பேசப்படுவது குரலின் நிறம்.

பாடப் புத்தகங்கள் இந்த நான்கிற்கும் பெயரடைகளைச் சூட்டி வைத்திருக்கின்றன. அடிப்பகுதி இருண்டது, நடுப்பகுதி மங்கியது, மேற்பகுதி தெளிந்தது, உச்சி கூர்மையானது. இவை பிழையல்ல. ஆனால் இவை போதுமா என்பதே என் கேள்வி.

அடிப்பகுதியை எடுத்துக்கொள்வோம். கார்ல் மரியா வொன் வெபரின் 'டெர் ஃபிரைஷுட்ஸ்' என்ற ஒபெரா 1821ஆம் ஆண்டு பேர்லினில் அரங்கேறியது. சாத்தானோடு ஒப்பந்தம் செய்து மாயத் தோட்டாக்கள் பெறும் வேட்டைக்காரர்களின் கதை. அதன் முன்னிசையில் முதலில் காட்டின் அமைதி கேட்கிறது. பிறகு நரம்பு வாத்தியங்கள் நடுங்கத் தொடங்குகின்றன. பேரிகை தணிந்த குரலில் துடிக்கிறது. அந்த இடத்தில் கிளாரினெட்டுகள் தமது ஆழமான சுரங்களைப் பிடித்து நிற்கின்றன. மேடையில் இன்னும் எவரும் தோன்றவில்லை. ஆனாலும் தீமை வந்துவிட்டது என்று செவிக்குத் தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஹெக்டர் பேர்லியோஸ், வாத்தியங்களைக் கையாளும் முறை பற்றி 1840களில் எழுதிய புகழ்பெற்ற நூலில், இந்தக் குளிர்ந்த அச்சுறுத்தலைக் கண்டுபிடித்த பெருமையை வெபருக்கே கொடுக்கிறார்.

சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி 1888இல் எழுதப்பட்டது. அதன் தொடக்கத்தில் இரண்டு கிளாரினெட்டுகள் ஒன்றாக இதே ஆழத்தில் ஒரு மெட்டைச் சொல்கின்றன. இது சாத்தானின் வருகை அல்ல. விதியின் முன்னால் தலைகுனிந்த ஒரு மனிதரின் முணுமுணுப்பு. இதே மெட்டு இரண்டாம் பகுதியில் பித்தளை வாத்தியங்களில் இடியாக விழும்போதும், இறுதிப் பகுதியில் நரம்பு வாத்தியங்களில் நிமிர்ந்து நடக்கும்போதும், நாம் முதலில் கேட்ட அந்த முணுமுணுப்பை நினைத்துப் பார்த்தால்தான் நடந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

இனி இரண்டு வேறு உதாரணங்கள். புரொக்கோபீவ் 1936இல் சிறுவர்களுக்காக எழுதிய 'பீற்றரும் ஓநாயும்' என்ற இசைக்கதையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். பூனைக்குக் கிடைத்தது கிளாரினெட். அதுவும் அதே தாழ்ந்த பகுதி. சுரங்களைத் துண்டு துண்டாக, மெத்தென்று வைக்கும்போது, பாதங்களை ஓசையின்றி எடுத்து வைக்கும் பூனை கண்முன் வந்துவிடுகிறது. ஓநாயைக் கண்டு பூனை மரத்தில் தாவும்போது கிளாரினெட்டும் கீழிருந்து உச்சிக்கு ஓடுகிறது. குழந்தைகள் சிரிக்கிறார்கள்.

அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் 'மூட் இண்டிகோ' 1930ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்கால ஜாஸ் குழுக்களில் கிளாரினெட் மேலே பறக்கும், ட்ரம்பெட் நடுவில் நிற்கும், ட்ரொம்போன் அடியில் தாங்கும். எலிங்டன் வரிசையைத் தலைகீழாக்கினார். அடக்கப்பட்ட ட்ரம்பெட்டையும் ட்ரொம்போனையும் மேலே நிறுத்திவிட்டு, கிளாரினெட்டை அடியில் இறக்கினார். பயமும் இல்லை, விதியும் இல்லை, பூனையும் இல்லை. பின்னிரவில் தனியே விழித்திருக்கும் ஒருவரின் மனநிலை.

நான்கு படைப்புகள், நான்கு உணர்வுகள். வாத்தியத்தின் பகுதி மட்டும் ஒன்றே. அப்படியானால் 'இருண்டது' என்ற பெயரடை எதைச் சொல்லிற்று? நிறத்தைச் சொல்லிற்று. அந்த நிறத்தில் என்ன வரையப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. கவிதையில் 'இரவு' என்ற சொல் ஓரிடத்தில் அச்சத்தையும், இன்னோரிடத்தில் காதலையும், பிறிதோரிடத்தில் ஓய்வையும் தருவதில்லையா? அகராதி இரவுக்கு ஒரு பொருள்தான் தரும். கவிஞர் அதற்கு இடம் தருகிறார். இசையிலும் இதே கதைதான்.

தொண்டைச் சுரங்களைப் பற்றி எவரும் அதிகம் புகழ்ந்து எழுதுவதில்லை. அடிப்பகுதி முடிந்து, அந்தப் பஞ்சமத் தாவல் தொடங்குவதற்கு முன் ஓர் இடைவெளி விழுகிறது. அதை நிரப்ப, குழலின் மேற்பகுதியில் உள்ள துளைகளையும் சாவிகளையும் திறந்து சில சுரங்களைப் பெறுகிறார்கள். அப்போது குழலில் அதிரும் காற்றின் நீளம் மிகவும் குறுகிவிடும். ஓசை சற்று வெளிறிப் போகும். அதற்கு அடுத்த சுரத்துக்குச் செல்வதென்றால், திறந்திருந்த துளைகள் யாவற்றையும் ஒரே கணத்தில் மூடவேண்டும். இந்த இடத்தை வாத்தியக்காரர்கள் 'முறிவு' என்றே அழைக்கிறார்கள். மாணவர்கள் மாதக்கணக்காகப் பயிற்சி செய்வது இந்த முறிவு வெளியே தெரியாமல் கடப்பதற்குத்தான். நல்ல வாத்தியக்காரர் வாசிக்கும்போது அப்படி ஓர் இடம் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. உழைப்பு மறைந்து போவதே அதன் வெற்றி.

முறிவைக் கடந்தால் கிளாரியன். தொலைவிலிருந்து கேட்டால் ட்ரம்பெட் போல ஒலிக்கிறது என்று ஜேர்மன் இசை அகராதியாசிரியர் வால்தர் 1732இல் இந்த வாத்தியத்தைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். 'சிறிய கிளாரினோ', அதாவது சிறிய ட்ரம்பெட் என்ற பொருளில்தான் கிளாரினெட் என்ற பெயரே வந்தது. ஆனால் காலப்போக்கில் இப்பகுதி போர்முழக்கத்தை விட்டுப் பாட்டுக்கு மாறியது. நாம் பார்த்த வெபரின் அதே முன்னிசையில், புயல் போன்ற இசைக்கு மேலாக ஒரு கிளாரினெட் தனியே எழுந்து நீண்ட ஒரு மெட்டைப் பாடுகிறது. சற்று முன்னர் தீமையின் வருகையைச் சொன்ன வாத்தியமே இப்போது நம்பிக்கையைச் சொல்கிறது. வாத்தியத்தை மாற்றாமலே பாத்திரத்தை மாற்றிவிட்டார் வெபர்.

உச்சிப் பகுதி ஆபத்தானது. அழகு என்பது அங்கே எளிதில் அலறலாக மாறிவிடும். அந்த ஆபத்தையே பயன்படுத்தியவர் பேர்லியோஸ். 1830இல் எழுதிய 'ஃபன்டாஸ்டிக் சிம்பொனி'யில், கதாநாயகன் காதலித்த பெண்ணுக்கு ஒரு மெட்டு உண்டு. முதற் பகுதியில் அது உன்னதமாக வருகிறது. இறுதிப் பகுதியில் சூனியக்காரிகளின் களியாட்டத்தில் அவளும் வந்து சேர்கிறாள். அப்போது அதே மெட்டைச் சாதாரணக் கிளாரினெட்டை விடச் சிறிய, கீச்சிடும் குரலுள்ள கிளாரினெட் வாசிக்கிறது. மெட்டு மாறவில்லை என்று சொல்லலாம். ஆனால் அது இப்போது கேலியாகிவிட்டது. ஒருவர் சொன்ன சொற்களையே இன்னொருவர் குரலை மாற்றிச் சொல்லி நையாண்டி செய்வதை நாம் அறிவோம். அது போன்றது இது.

குரலின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்றும் உண்டு. மொஸார்ட் இறந்தது 1791 டிசம்பர் 5ஆம் திகதி. அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னர் அவர் தமது கிளாரினெட் கொன்சேர்ட்டோவை நிறைவு செய்தார். வியன்னாவைச் சேர்ந்த அன்ரன் ஸ்டாட்லர் என்ற நண்பருக்காக எழுதினார். ஸ்டாட்லர் தாழ்ந்த சுரங்களில் தனித் திறமை கொண்டவர். வழமையான கிளாரினெட்டை விட இன்னும் சில சுரங்கள் கீழே இறங்கக்கூடிய ஒரு வாத்தியத்தை வைத்திருந்தார். அந்த ஆழத்தை மனதில் வைத்தே மொஸார்ட் எழுதினார். ஆனால் அவரது கையெழுத்துப் பிரதி தொலைந்து போயிற்று. 1801இல் அச்சில் வந்தபோது, சாதாரண வாத்தியத்தில் வாசிக்கத்தக்கதாகத் தாழ்ந்த இடங்கள் மேலே உயர்த்தப்பட்டிருந்தன. சுரத்தின் பெயர் ஒன்றுதான். ஸ்தாயிதான் வேறு. ஆனால் ஒரே வாத்தியம் ஒரு கேள்வியை மேலே கேட்டு, பாதாளத்தில் இறங்கிப் பதில் சொல்லும் அந்த உரையாடல் சில இடங்களில் கலைந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் அறிஞர்களும் வாத்தியக்காரர்களும் பழைய வடிவத்தை ஊகித்து மீட்டெடுத்து, ஆழமான கிளாரினெட்டுகளையும் செய்து வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் வசனத்தை இன்னொரு பாத்திரம் பேசினால் எப்படியிருக்குமோ, அந்த வித்தியாசம் தெரியும்.

பிராம்ஸின் கதை நெகிழ்ச்சியானது. 1890இல், இனி எழுதியது போதும் என்று முடிவு செய்திருந்தார். அடுத்த ஆண்டு மைனிங்கன் நகரத்து இசைக்குழுவில் ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் என்பவரின் கிளாரினெட்டைக் கேட்டார். மூல்ஃபெல்ட் அக்குழுவில் வயலின் கலைஞராகச் சேர்ந்து, கிளாரினெட்டைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். அந்தக் குரல் பிராம்ஸை மறுபடியும் மேசைக்கு இழுத்து வந்தது. 1891இல் ஒரு மூவர் இசையும் ஓர் ஐவர் இசையும், 1894இல் இரண்டு சொனாட்டாக்களும் பிறந்தன. ஐவர் இசையின் மெதுவான பகுதியில், அமைதியாகப் பாடிக்கொண்டிருந்த கிளாரினெட் திடீரென நாடோடி இசைக்காரரைப் போல அடியிலிருந்து மேலும், மேலிருந்து அடியுமாக அலைகிறது. முதுமையில் ஒருவர் தமது வாழ்க்கை முழுவதையும் ஒரே மூச்சில் நினைத்துப் பார்ப்பது போன்றது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் அபிப்பிராயம். ஆனால் அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் அந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது.

ஒரே மூச்சு என்றதும் கேர்ஷ்வின் நினைவுக்கு வருகிறார். 1924 பெப்ரவரி 12ஆம் திகதி நியூயோர்க்கில் அவரது 'ரப்சடி இன் புளூ' முதன்முறை வாசிக்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் கிளாரினெட்டுக்கு அவர் எழுதியிருந்தது, தாழ்ந்த ஒரு சுரத்தில் நடுங்கி, பின் 17 சுரங்களில் படிப்படியாக ஏறும் ஓட்டம். ஒத்திகையில் ரொஸ் கோர்மன் என்ற கலைஞர் வேடிக்கையாக அந்தப் படிகளின் மேற்பகுதியை வழுக்கலாக்கி ஒரு நீண்ட ஊளையாக வாசித்துக் காட்டினார். கேர்ஷ்வினுக்கு அது பிடித்துப் போயிற்று. அப்படியே இருக்கட்டும் என்றார். அடிக்குரல், தொண்டை, கிளாரியன் என்ற மூன்று நாடுகளையும் எல்லை தெரியாமல் கடக்கும் அந்தச் சில விநாடிகள், ஒரு மாநகரம் விழித்தெழும் ஓசையாக உலகமெங்கும் பதிந்துவிட்டன.

எல்லையை மறைத்தவர் அவர். எல்லையையே பொருளாக்கியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் கைதியானார். உடன் பிடிபட்டவர்களில் ஒரு கிளாரினெட் கலைஞர், ஹென்றி அகோகா. அவருக்காகத் துணை வாத்தியம் எதுவுமின்றித் தனிக் கிளாரினெட்டுக்கு ஒரு பகுதியை எழுதினார். பின்னர் அது 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' என்ற படைப்பின் மூன்றாம் பகுதியாயிற்று. 1941 ஜனவரி 15ஆம் திகதி, கேர்லிட்ஸ் நகர்ப் போர்க் கைதிகள் முகாமில், கடும் குளிரில், சக கைதிகளின் முன்னால் அப்படைப்பு அரங்கேறியது. அந்தத் தனிப் பகுதிக்கு அவர் இட்ட பெயர் 'பறவைகளின் பாதாளம்'. பாதாளம் என்பது காலமும் அதன் துயரமும். பறவைகள் என்பவை ஒளி மீதான எமது ஏக்கம். மெதுவான, துயரம் தோய்ந்த வரிகள். பிறகு மேலே பறவைகளின் துள்ளல். இடையே, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மௌனத்திலிருந்து ஒற்றைச் சுரம் மெல்ல எழுந்து, காது தாங்க முடியாத அளவுக்குப் பெருகுகிறது. மௌனத்திலிருந்து இவ்வளவு நுட்பமாக எழுவது இந்த வாத்தியத்துக்கே வாய்த்த வரம். முட்கம்பி வேலிக்குள் இருந்தவர்களுக்கு மேலும் கீழும் என்ற அந்தத் தூரம் வெறும் இசை நுட்பமாக இருந்திருக்குமா?

தமிழர் இசையிலும் இந்த வாத்தியத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மகாதேவ நட்டுவனார் சதிர்க் கச்சேரியின் பக்கவாத்தியமாக இதைக் கொண்டு வந்தார் என்பர். 20ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஏ.கே.சி. நடராஜன், இதனைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அவரை அழைத்தவர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி ரி.என். ராஜரத்தினம்பிள்ளை. நான் சொன்ன அந்த முறிவையும் பஞ்சமத் தாவலையும் நினைத்துப் பாருங்கள். சாவிகள் நிறைந்த குழலில், இழைந்து செல்லும் கமகங்களை அந்த முறிவின் மேலாக நடத்திச் செல்வது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் புரியும். "இனிமையாக வாசித்தார்" என்று மட்டும் எழுதினால், அந்தக் கலைஞரின் வெற்றியில் பாதியை நாம் பார்க்கவில்லை என்றே அர்த்தம்.

நேயர்களே, இன்று நான் குறிப்பிட்ட படைப்புகள் யாவற்றையும் கைத்தொலைபேசியிலேயே தேடிக் கேட்கக் கூடியதாக இருக்கிறது. கேட்கும்போது மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது? அது அங்கிருந்து எங்கே போகிறது? அந்த இடத்தை வைத்து இசையமைப்பாளர் என்ன சொல்ல விரும்புகிறார்? முதல் இரண்டுக்கும் செவி பதில் தரும். மூன்றாவதற்கு நாம்தான் சொற்களைத் தேட வேண்டும். அந்தத் தேடலில் கிடைக்கும் சொற்கள் 'இனிமை'யை விட நிச்சயமாகத் துல்லியமானவையாக இருக்கும். இலக்கியக்காரர்களாகிய எமக்கு அதில் ஓர் ஆதாயமும் உண்டு. குரலைக் கேட்கப் பழகிய செவி, எழுத்திலும் குரலைக் கேட்கும்.